விசில் அடித்த எல்லா ஓட்டங்களிலும்

நிரூபணத்தில் தப்பே இல்லை. அதுதான் என் எரிச்சலுக்குக் காரணம்.

காலையிலிருந்து அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வரியும் அதற்கு முந்தைய வரியிலிருந்து ஒழுங்காகப் பிறந்திருந்தது. தர்க்கப்பொறியிடம் கொடுத்தேன். அதுவும் 'சரி' என்று சொல்லிவிட்டது. இனி நான் கீழே கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. போட்டால் சூசைமாணிக்கம் என்கிற பஸ் நடத்துனர் இரண்டு வருடம் ஜெயிலுக்குப் போவார். போகிறவரும் அதற்குத் தயாராகத்தான் இருந்தார். 'நான் விசில் அடிக்கவில்லை' என்று அவரே வாக்குமூலம் கொடுத்திருந்தார். இப்படி எல்லாரும் ஒரே பக்கமாகத் தலையாட்டும் வழக்கு என்றாலே எனக்கு ஆகாது. என் சுபாவம் அப்படி.

என் பெயர் மணிமொழி. சேலத்தில் மறுஓட்ட மன்றத்தின் தர்க்கப் பரிசோதகர். என்ன வேலை என்று யாராவது விசாரித்தால் முன்பெல்லாம் விளக்கமாகச் சொல்வேன். கேட்டவர் பாதியிலேயே வேறு பக்கம் பார்க்க ஆரம்பிப்பதால் இப்போதெல்லாம் 'கோர்ட்டில் வேலை' என்று முடித்துக்கொள்கிறேன். இங்கே அப்படி முடித்துக்கொள்ள முடியாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் ஒரு விபத்து நடந்தால் சாட்சிகளைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். ஆளுக்கொரு கதை சொல்வார்கள். இப்போது விபத்தையே கம்ப்யூட்டருக்குள் மறுபடியும் நடத்திப் பார்க்கிறோம். அதே சாலை, அதே மழை, அதே வண்டி, அதே ஆட்கள். எதையாவது ஒன்றை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் 'ஓட்டம்' என்று பெயர். லட்சக்கணக்கான ஓட்டங்களை யாரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வேண்டிய ஓட்டத்தை மட்டும் பொறுக்கியெடுத்துக் காட்டி ஏமாற்றவும் முடியும். அதனால் சட்டம் ஒரு நிபந்தனை போட்டது. கம்ப்யூட்டருக்குள் கட்டிய அந்த மாதிரியில் நடக்கக்கூடிய எல்லா ஓட்டங்களுக்கும் பொருந்துகிற ஒரு வாக்கியத்தைச் சொல்ல வேண்டும், அதைத் தர்க்கத்தால் நிரூபிக்க வேண்டும். நிரூபணத்தைச் சரிபார்ப்பது என் வேலை. நான் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்த வாக்கியத்துக்கு முன்னால் எந்தச் சாட்சியின் நினைவும் எடுபடாது.

வெள்ளிக்கல் மலைக்குப் போகும் பஸ்களில் டிரைவர் கிடையாது. வண்டி தன்னைத்தானே ஓட்டிக்கொள்ளும். ஆனால் நடத்துனர் உண்டு. முதலில் நடத்துனரும் இல்லாமல்தான் விட்டுப் பார்த்தார்கள். சனங்கள் ஏறவில்லை. ஓட்ட ஆள் இல்லாததைப் பொறுத்துக்கொண்டவர்கள் சண்டை போட ஆள் இல்லாததைப் பொறுத்துக்கொள்ளவில்லை. நடத்துனர் திரும்பி வந்தார், கூடவே அவருடைய விசிலும் வந்தது. ஒரு நீள விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போ. முன்பு டிரைவர் கேட்டு நடந்த அந்தச் சத்தத்தை இப்போது பஸ்ஸே கேட்டு நடக்கும்படி செய்திருந்தார்கள்.

போன ஐப்பசி மழையில் மேலே ஏறிக்கொண்டிருந்த ஒரு பஸ்ஸுக்கு எதிரே, கொண்டை ஊசி வளைவில், மரம் ஏற்றிய லாரி வந்து நின்றது. வழிவிடுவதற்காகப் பஸ் பின்னால் நகர்ந்தது. நகர்ந்துகொண்டே போய்ப் பின்சக்கரம் விளிம்பைத் தாண்டிவிட்டது. கீழே இருந்த காப்பித் தோட்டத்துக்குள் வண்டி சரிந்தது. நிறைய பேருக்கு அடி. பின்வாசலை ஒட்டிய சீட்டில் இருந்த பொன்னுத்தாயி என்ற பெண் செத்துப்போனார். அவர் பக்கத்தில் நின்றிருந்த சூசைமாணிக்கத்துக்குத் தோள் எலும்பு உடைந்தது. பஸ் காதில் வாங்கிக்கொண்ட உத்தரவுகளின் பதிவில் அந்த நேரத்து விசில் எதுவும் இல்லை. பயணிகளில் பாதிப் பேர் கேட்டதாகவும் பாதிப் பேர் கேட்காததாகவும் சொன்னார்கள்.

பஸ் கம்பெனி கொண்டுவந்த வாக்கியம் இதுதான்: 'வண்டி பின்னால் நகரத் தொடங்கியது முதல் சக்கரம் விளிம்பைத் தாண்டும் வரை, நடத்துனர் எந்தக் கணத்தில் விசில் அடித்திருந்தாலும், விசில் அடித்த எல்லா ஓட்டங்களிலும் பஸ் விழாமல் நின்றது.'

எனக்கு உறுத்தியது 'எந்தக் கணத்தில்' என்பதுதான். மழை பெய்து வழுக்கும் மலைச்சாலை. அத்தனை பெரிய பஸ். சக்கரம் விளிம்பிலிருந்து ஒரு விரல் தூரத்தில் இருக்கும்போது விசில் அடித்தாலுமா நின்றது? நான் வருகிற ஸ்கூட்டர்கூட அப்படி நிற்காது.

மதியம் கம்பெனியிலிருந்து லோகேஸ்வரன் வந்தான். இந்த மாதிரியைக் கட்டியவன் அவன்தான். முப்பதைத் தாண்டாத பையன், கெட்டிக்காரன், கூடவே நல்லவன். இரண்டும் ஒருவரிடம் இருப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு சாயங்காலத்துக்குள் ஊர் திரும்ப வேண்டும் என்று பறந்துகொண்டிருந்தான். என் சந்தேகத்தைச் சொன்னேன். நிரூபணம் சரிதானே என்று கேட்டான். சரிதான் என்றேன். அப்புறம் என்ன மேடம் என்றான். அப்படிக் கேட்டால் எனக்கு வீம்பு வரும்.

பொறியை என் பக்கம் இழுத்துக்கொண்டு, கம்பெனியின் வாக்கியத்தில் கடைசி இரண்டு சொற்களை அழித்துவிட்டு வேறு தட்டினேன்: 'விசில் அடித்த எல்லா ஓட்டங்களிலும் பஸ் பறந்து போய் மலை உச்சியில் இறங்கியது.'

பொறி கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு 'சரி, நிரூபிக்கப்பட்டது' என்று காட்டியது.

லோகேஸ்வரன் சிரித்துவிட்டான். பொறி ரிப்பேர் என்று நினைத்திருக்கிறான். அடுத்ததாக 'விசில் அடித்த எல்லா ஓட்டங்களிலும் பஸ் கீழே விழுந்தது' என்று தட்டினேன். அதற்கும் 'சரி' என்றே வந்தது. அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

"அதெப்படி மேடம்? நின்னதும் சரி, விழுந்ததும் சரின்னா?"

"என் கல்யாணத்துக்கு வந்த எல்லாருக்கும் ஆளுக்கொரு பவுன் போட்டேன். தெரியுமா உனக்கு?"

அவன் விழித்தான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பது அவனுக்குத் தெரியும். மன்றத்தில் தெரியாதவர் யார்?

"நான் சொன்னது பொய்னு நீ நிரூபிக்கணும்னா என்ன செய்யணும்? கல்யாணத்துக்கு வந்து பவுன் வாங்காமப் போன ஒரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்தணும். முடியுமா? முடியாதில்ல. அப்ப நான் சொன்னது உண்மைதான். வந்தவங்களை எல்லாம் செருப்பால அடிச்சேன்னு சொன்னாலும் உண்மைதான். ஏன்னா வந்தவங்கன்னு யாருமே இல்லை."

சொல்லச் சொல்ல அவன் முகம் மாறியது. புரிந்துகொண்டான். தர்க்கத்தில் இதற்கு வெற்று உண்மை என்று பெயர். 'எல்லா' என்று ஆரம்பிக்கும் வாக்கியத்துக்குள் ஒரு ஆள்கூட இல்லாவிட்டால் அந்த வாக்கியம் எதைச் சொன்னாலும் உண்மையாகிவிடும். அதைத் தப்பென்று எந்தப் பொறியும் சொல்லாது. பொறியிடம் நேராகவே கேட்டேன்: விசில் அடித்த ஓட்டம் ஒன்றைக் காட்டு, ஒன்றே ஒன்று போதும்.

'இல்லை' என்று பதில் வந்தது.

ஓட்டங்கள் லட்சம் இருந்தன. அவற்றில் மழை கூடியது, குறைந்தது, லாரி முன்னால் வந்தது, பின்னால் வந்தது. நடத்துனர் மட்டும் ஒரு ஓட்டத்திலும் விசிலைத் தொடவில்லை. மனுஷன் ஜெயிலுக்குப் போவதற்கு ஒரு காலி வாக்கியம் தயாராக இருந்திருக்கிறது.

ஏன் அடிக்கவில்லை என்று கண்டுபிடிக்க எங்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை. மன்றம் எப்போதும் 'கடமை தவறாத நடத்துனர் என்ன செய்திருப்பார்' என்றுதான் கேட்கும். ஆகவே லோகேஸ்வரன் தன் மாதிரியில் ஒரு உத்தம நடத்துனரை உருவாக்கி வைத்திருந்தான். கம்பெனி போட்ட எந்த உத்தரவையும் மீறாதவர். அந்த உத்தரவுகளில் ஒன்று பாதுகாப்புப் பிரிவு போட்டது. பின்னால் எடுக்கும்போது எப்போதோ ஒரு நடத்துனர் வாசலிலிருந்து விழுந்துவிட்டாராம். அதிலிருந்து, வண்டி பின்னால் நகரும்போது நடத்துனர் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருக்க வேண்டும். இன்னொன்று சுகாதாரப் பிரிவு போட்டது. காய்ச்சல் பரவிய வருடத்தில் வந்தது. ஊதும் நேரம் தவிர விசிலை வாயில் வைத்திருக்கக் கூடாது, உறைக்குள் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும்.

தனித்தனியாகப் பார்த்தால் இரண்டிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. சேர்த்துப் பார்த்தால்தான் வேடிக்கை. இரண்டு கையும் கம்பியில், விசில் பைக்குள். பின் எதால் எடுப்பது? உத்தரவுப்படி நடக்கிற நடத்துனரால் பின்னால் போகும் பஸ்ஸில் விசில் அடிக்கவே முடியாது. இந்த இரண்டு பிரிவும் ஒரே கட்டடத்தில் ஒரே மாடியில் எதிரும் புதிருமாக இருக்கின்றன என்று லோகேஸ்வரன் சொன்னான். சொல்லிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

அன்றைக்கே மன்றத் தலைவரிடம் போனேன். ஓய்வுபெற்ற நீதிபதி, ஏலக்காய் மெல்லும் பழக்கம் உள்ளவர், அவசரப்படாதவர். நிரூபணம் செல்லாது என்பதை உடனே ஏற்றுக்கொண்டார். ஆனால் சூசைமாணிக்கத்தை விட முடியாது என்றும் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. 'விசில் அடித்தால் நிற்கும்' என்பது நிரூபணம் ஆகவில்லை, அவ்வளவுதான். 'நிற்காது' என்றும் ஆகவில்லையே. அந்த மனிதர் அடிக்கவில்லை என்று தானே ஒப்புக்கொண்டிருக்கிறார். கம்பெனி நாளைக்கே மாதிரியைத் திருத்திக்கொண்டு வந்து, உண்மையாகவே நிரூபித்துக் காட்டினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

முந்திக்கொண்டு நாமே கேட்டுவிடலாம் என்றேன். மாதிரியில் இருக்கும் உத்தம நடத்துனரைக் கொஞ்சம் கெட்டவராக்கி, சுகாதார உத்தரவை மீறி விசிலைப் பல்லில் கடித்துக்கொள்ள விட்டால், விசில் அடித்த ஓட்டங்கள் வரும். அப்போது பஸ் நின்றதா இல்லையா என்று பார்த்துவிடலாம். தலைவர் ஏலக்காயை மெல்வதை நிறுத்தினார். நின்றுவிட்டால் அந்த ஆள் கதி என்ன என்று யோசித்தீர்களா என்றார். யோசித்திருந்தேன். நின்றுவிட்டால், 'நீ அந்த விதியை மீறியிருந்தால் ஒரு உயிர் பிழைத்திருக்கும்' என்று அவரிடம் சொன்னதாகிவிடும். ஜெயில் இரண்டு வருடத்தில் முடிந்துவிடும். இது முடியாது.

சட்டப்படி இப்படிப்பட்ட மறுவிசாரணைக்குக் குற்றம் சாட்டப்பட்டவரின் சம்மதம் வேண்டும். ஆள் அனுப்பினோம்.

இரண்டு நாள் கழித்து சூசைமாணிக்கம் வந்தார். ஐம்பதைத் தொட்ட வயது. மெலிந்திருந்தார். இடது தோள் இன்னும் முழுதாகக் குணமாகவில்லை. யூனிஃபார்ம் போடக் கூடாது என்று கம்பெனி சொல்லியிருந்ததால் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், அதையும் யூனிஃபார்ம் போலவே உள்ளே விட்டு பெல்ட் கட்டியிருந்தார். உட்காரச் சொன்னேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். லோகேஸ்வரனும் இருந்தான். அவரை இதற்கு முன் அவன் நேரில் பார்த்ததே இல்லை. அவரைப் போல் ஒரு லட்சம் பேரை ஓடவிட்டவன், அசலைப் பார்க்க முடியாமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விஷயத்தை என்னால் முடிந்த எளிமையில் எடுத்துச் சொன்னேன். கல்யாணம், பவுன் எல்லாம் மறுபடியும் சொன்னேன். அவர் ஒரு இடத்திலும் சிரிக்கவில்லை. நான் சொல்வதைக் கேட்கும்போது ஒவ்வொரு சொல்லையும் கைமேல் வைத்து எடை பார்ப்பது போலக் கேட்டார். 'அப்ப அந்தப் பேப்பர்ல இருந்தது பொய்யா மேடம்' என்று ஒரு முறை கேட்டார். பொய் இல்லை, காலி என்றேன். காலி என்று அவரும் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

பிறகு கஷ்டமான பகுதிக்கு வந்தேன். இனி கேட்கப் போகும் கேள்விக்கு எந்தப் பதிலும் வரலாம். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. கம்பெனி புது நிரூபணத்தோடு திரும்பி வரும்வரை வழக்கு இப்படியே கிடக்கும், வருடங்கள்கூட ஆகலாம்.

"கேட்டுப்போடுங்க மேடம்," என்றார். "தெரிஞ்சுக்காம என்னால இருக்க முடியலீங்க."

லோகேஸ்வரன் சுகாதார உத்தரவைத் தளர்த்தினான். மாதிரியிலிருந்த நடத்துனர் தன் வாழ்நாளில் முதல் தடவையாக விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டார். நான் முதலில் பழைய கேள்வியையே கேட்டேன்: விசில் அடித்த ஓட்டம் ஒன்றைக் காட்டு. காட்டியது. திரையில் பஸ்ஸின் பின்பக்கம் தெரிந்தது. மழை. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தபடி ஒரு சின்ன உருவம் கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தது. சூசைமாணிக்கம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

எத்தனை ஓட்டங்கள் என்று கேட்டேன். ஆயிரக்கணக்கில் இருந்தன. இனிமேல் 'எல்லா' என்ற சொல்லுக்குள் ஆட்கள் இருக்கிறார்கள். தட்டினேன்: 'விசில் அடித்த ஓட்டங்களில் ஒன்றிலாவது பஸ் நின்றது.'

பொறி வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே யாரோ யாரையோ டீ வாங்கிவரச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சூசைமாணிக்கம் திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

'தவறு. அப்படிப்பட்ட ஓட்டம் எதுவும் இல்லை.'

ஒன்றில்கூட நிற்கவில்லை. முதல் நொடியில் அடித்தாலும் நிற்கவில்லை, கடைசி நொடியில் அடித்தாலும் நிற்கவில்லை. அப்பாடா என்று ஒரு பக்கம் மனசு சொல்ல, இன்னொரு பக்கம் குழம்பியது. கடைசி நொடி சரி. முதல் நொடியில் அடித்தும் ஏன் நிற்கவில்லை? வண்டி அப்போதுதான் நகர ஆரம்பித்திருந்தது. தாராளமாக நின்றிருக்க வேண்டும்.

லோகேஸ்வரன் ஒரு ஓட்டத்தை எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தான். திரையில் நடத்துனர் ஊதுகிறார். பஸ் கேட்ட உத்தரவுகளின் பதிவில் ஒன்றும் ஏறவில்லை. மறுபடியும் ஓட்டினான். ஏறவில்லை. பஸ்ஸின் மூளையாக ஓடுவது அசல் பஸ்ஸில் இருக்கும் அதே புரோகிராம்தான், மாதிரிக்காக எதையும் மாற்றவில்லை என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்த் தேடினான். சிறிது நேரத்தில் கண்டுபிடித்துவிட்டான்.

பின்னால் எடுக்கும்போது பஸ் ஒரு டியூன் போடும், வண்டிக்குப் பின்னால் நிற்பவர்கள் ஒதுங்குவதற்காக. வெள்ளோட்டத்தின்போது பஸ் தன்னுடைய டியூனையே விசில் என்று நினைத்துக்கொண்டு நடுச்சாலையில் நின்று நின்று போயிருக்கிறது. அதைச் சரிசெய்ய யாரோ ஒருவர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். டியூன் ஒலிக்கும் வரை பஸ் காதை மூடிக்கொள்ளும். அந்தச் சத்தத்தில் யார் விசில் அடித்தாலும், யார் கத்தினாலும் அதற்குக் கேட்காது. மாதிரியின் உத்தம நடத்துனர் பின்னால் போகும்போது விசிலே அடிக்காததால் இதை யாரும் கவனிக்கச் சந்தர்ப்பமே வரவில்லை.

"மேடம், இப்பவும் எல்லா வண்டியும் இப்படித்தான் ஓடிக்கிட்டிருக்கு," என்றான்.

அவன் போனைக் கையில் எடுத்தான். சொன்னால் கம்பெனியில் அவன் கதி என்னவாகும் என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். பிறகு கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டு, எல்லா மலைகளிலும் பஸ்களை அங்கங்கே நிறுத்தச் சொன்னான், அடுத்த உத்தரவு வரும்வரை ஒரு வண்டியும் பின்னால் நகரக் கூடாது என்றான். யார் பொறுப்பு என்று மறுமுனையில் கேட்டிருக்க வேண்டும். தன் பெயரைச் சொன்னான். முழுப் பெயரையும் சொன்னான். எனக்கு அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. வயதுக்கு மரியாதை கருதி விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கல் மலையில் எல்லா வண்டிகளும் ஓரமாக நின்றுவிட்டன, ஆட்களுக்கு ஒன்றுமில்லை என்று கொஞ்ச நேரத்தில் தகவல் வந்தது. அப்போதுதான் மூன்று பேரும் மூச்சு விட்டோம். சூசைமாணிக்கத்திடம் திரும்பி, நீங்கள் வீட்டுக்குப் போகலாம், இனி உங்கள்மேல் வழக்கு நிற்காது என்று சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வேறு எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கோணும். அடிச்சிருந்தாலும் வண்டி நின்னிருக்காது. அப்படித்தானுங்களே?"

"நின்னிருக்காது."

"அப்ப வண்டி நிக்கலைங்கறத வெச்சு, நான் அடிக்கலைன்னு சொல்ல முடியாதில்லீங்களா?"

"முடியாது."

"அப்ப நான் அடிச்சது நெசந்தான் மேடம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அடிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தவர் இவர்தானே?

"அடிச்சேனுங்க. எனக்கு மொதல்லருந்தே அடிச்ச ஞாபகந்தான். ஆஸ்பத்திரில கண்ணு முழிச்சதும் எம் பொண்டாட்டிகிட்ட அதத்தான் சொன்னேன். அப்புறம் கம்பெனி ஆளுங்க வந்து பேப்பரப் படிச்சுக் காட்டுனாங்க. விசில் அடிச்சா வண்டி நிக்கும், எல்லாத் தடவையும் நிக்கும், கம்ப்யூட்டர்ல நிரூபிச்சாச்சுன்னாங்க. வண்டி நிக்கலையே. அப்ப நான் அடிக்கலைன்னுதானுங்களே ஆகுது? எப்படி எப்படியோ ரோசன பண்ணிப் பாத்தேன். சுத்திச் சுத்தி அங்கதான் வந்து நிக்குது. செஞ்ச பாவத்த மறைக்க எம் மனசே பொய்யா ஒரு விசில உண்டாக்கி வெச்சிருக்குதுன்னு நெனச்சுட்டேன். அதான் அடிக்கலைன்னு எழுதிக் குடுத்தேன்."

அது நடந்தால் இது நடக்கும். இது நடக்கவில்லை. ஆகவே அதுவும் நடக்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதல் பாடமாகப் படித்தது இதுதான். ஒரு படியும் தவறாமல் இந்த மனிதர் அதைத் தனியாகப் போட்டுப் பார்த்திருக்கிறார். அவர் தர்க்கத்தில் ஒரு பிசகும் இல்லை. நாங்கள் கொடுத்த முதல் வரியை நம்பினார், அது ஒன்றுதான். அதை நம்பித் தன் வாயால் ஊதிய விசிலை, தன் காதால் கேட்ட விசிலை இல்லை என்று தள்ளிவிட்டார். எத்தனை பேர் இப்படித் தங்கள் நினைவை எங்கள் காலடியில் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள் என்று எண்ணியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை, அழுதேன்.

அவர் நிறுத்தவில்லை. இத்தனை மாதம் உள்ளே கிடந்தது மடை திறந்து வந்துகொண்டிருந்தது.

"பல்லுல கடிச்சிருந்தேனுங்க. கூடாதுதான், சர்க்குலர் இருக்குது. மலைல அப்படி வெச்சுக்காம முடியாது. வண்டி பின்னால நவுந்ததும் ஊதுனேன். நிக்கல. மூச்சு முட்ட ஊதுனேன். பொன்னுத்தாயி எம் மூஞ்சியையே பாத்துட்டிருந்துச்சு. நான் ஊதறத அது பாத்துச்சு மேடம். அது ஒண்ணுதான் நல்லாப் பாத்துச்சு. அந்தப் பாத்த முகங்கூடப் பொய்யின்னு நெனச்சுட்டனே."

லோகேஸ்வரன் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். சூசைமாணிக்கம் அவன் கையைத் தட்டிக்கொடுத்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு தாளும் பேனாவும் கேட்டார். வாக்குமூலத்தை மாற்றி எழுத வேண்டுமாம். போகிற வழியில் பொன்னுத்தாயி மகளைப் பார்த்து இதைச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன் என்றார்.

அடுத்த வாரம் மன்றம் கூடியது. பேச அதிகம் இல்லை. விபத்துக்குக் காரணம் பஸ் காதை மூடிக்கொண்டதுதான் என்று பதிவானது. நடத்துனர்மேல் இருந்த வழக்கு விழுந்தது. சூசைமாணிக்கத்தின் மனைவி பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கேட்டதும் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். எல்லாரும் எழுந்திருக்கப் போகும் நேரத்தில் கம்பெனி வக்கீல் மட்டும் நின்றுகொண்டே இருந்தார். வாங்கின காசுக்கு ஏதாவது செய்தாக வேண்டுமே. திருத்திய வாக்குமூலத்தின்படி நடத்துனர் விசிலைப் பல்லில் கடித்து வைத்திருந்திருக்கிறார், அது சுகாதார உத்தரவை மீறிய செயல், அதைப் பதிவு செய்ய வேண்டும் என்றார்.

தலைவர் அவரை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் உத்தரவு இன்னும் அமலில்தான் இருந்தது. ரத்துசெய்ய இரண்டு பிரிவும் எதிரெதிர் அறைகளிலிருந்து ஒன்றுக்கொன்று கடிதம் எழுதிக்கொண்டிருந்தன. வேறு வழியில்லாமல் சூசைமாணிக்கத்தை எழுந்து நிற்கச் சொன்னார். இந்தக் குற்றத்துக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கைதான் தண்டனை, விரும்பினால் மறுத்து வாதாடலாம் என்று சொல்லிவிட்டு, விபத்து நடந்த நேரத்தில் விசில் உங்கள் வாயில் இருந்ததா என்று கேட்டார்.

சூசைமாணிக்கம் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். தோள் வலியையும் மறந்து நிமிர்ந்தார்.

"இருந்துச்சுங்கய்யா," என்றார், கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி. "நான்தான் கடிச்சு வெச்சிருந்தேன். நான்தான் ஊதுனேன்."

எச்சரிக்கைத் தாளை நீட்டினார்கள். இரண்டு கையாலும் வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.